கேசரியின் எடை

கதவைத் தட்டிய விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று யோகராணிக்குத் தெரிந்துவிட்டது. பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் அபர்ணா எப்போதும் மெல்ல இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்குத் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தால், ஒரு காலில் மட்டும் சப்பாத்து, கையில் போன், அழுது வீங்கிய முகம்.

"ஆன்ட்டி, அப்பா விழுந்துட்டார். ஹார்ட். திருச்சில ஐசியூல வெச்சிருக்காங்க. இன்னைக்கே ஃபிளைட் கிடைச்சுது, டாக்ஸி வருது."

யோகராணி அவளை உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தினாள்.

"அழாதையும் பிள்ளை. ஏதும் சாப்பிட்டனீரோ?"

"ஒரே ஒரு ஹெல்ப் ஆன்ட்டி. கேசரியை மட்டும் நீங்க பாத்துக்கணும்."

"கேசரியோ? ஃபிறிட்ஜிலயோ வைச்சனீர்?"

அழுகைக்கு நடுவிலும் அபர்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதுவும் அழுகையாக மாறியது. "கீழ வாங்க. ப்ளீஸ், திட்டாதீங்க."

கீழே, அவளுடைய படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. மரத்தூள், ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம், ஒரு துண்டு மரப்பட்டை. அபர்ணா பட்டையைத் தூக்கினாள். அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ சுருண்டு கிடந்தது. சப்பாத்துக் கயிறு என்றுதான் யோகராணி முதலில் நினைத்தாள். சப்பாத்துக் கயிறு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

எப்படி ஏறினாள் என்று தெரியாது. யோகராணி படியில் நின்றாள்.

"இதுதான் கேசரி, ஆன்ட்டி. குட்டி கார்ன் ஸ்நேக். விஷமே கிடையாது. செப்டம்பர்லதான் முட்டைலேர்ந்து வந்துது. என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்க. உங்களை விட்டா வேற யார்கிட்டயும் விட முடியல."

"என்ரை வீட்டுக்குள்ள எவ்வளவு காலமா இருக்கு உது?"

"ரெண்டு மாசமா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

கோபிக்க வேண்டிய இடம் அது. ஆனால் வெளியே டாக்ஸி ஹோர்ன் அடித்தது. பிள்ளை ஒற்றைச் சப்பாத்தோடு நிற்கிறது. தகப்பன் உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கிறார்.

"நான் பாக்கிறன்," என்றாள் யோகராணி. "நீர் போய் அப்பாவைப் பாரும்."

சொல்லிவிட்டாள். டாக்ஸி போன பிறகுதான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

யோகராணிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு ஒரு ஹோட்டலில் துணி தோய்த்தாள். கடைசியில் படித்து எடுத்த வேலை முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை. வீடு இருக்கும் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் எடுத்துப் போகவேண்டும். அந்த இல்லத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சாப்பிட மறுக்கிறவர்களை அவளிடம்தான் விடுவார்கள். ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி, இதுதான் கடைசி, இல்லை இதுதான் உண்மையாகவே கடைசி என்று எப்படியோ கிண்ணத்தை வெறுமையாக்கிவிடுவாள். றிச்சர்ட் என்று ஒரு முதியவர், கரண்டியைத் தட்டிவிடுவதில் பேர்போனவர், அவள் கையால் மட்டும் சூப் குடிப்பார். சாப்பாட்டை நிறுத்தினவர்கள் அதிக காலம் இருப்பதில்லை. அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் யாராவது தட்டைத் தள்ளினால் அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்துவிடுவாள்.

புருசன் இராஜரட்ணம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். விசயத்தைக் கேட்டதும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"நாகதம்பிரானே! உமக்கென்ன விசரே? வீட்டுக்குள்ள பாம்போ?"

"சப்பாத்துக் கயிறளவுதான் இருக்கு, இஞ்சாருங்கோ."

"கயிறளவில இருக்கிறதுதான் வளரும். அதுக்குத் தீனி என்ன, எலிக்குஞ்சோ? எங்கை கிடக்குது?"

"கீழ ஃபிறீசருக்குள்ள. மீனுக்குப் பக்கத்தில இல்லை, வேறை பெட்டியில."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டில் மாமிசப் பேச்சே எடுக்காத விரத நாள். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சாமான் போகும்வரைக்கும் பெட்டியிருக்கிற பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

முதல் தரம் சாப்பாடு கொடுத்த நாளை யோகராணி மறக்கமாட்டாள். அபர்ணா விமானம் மாறும் இடத்திலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றை எடுத்து, பையில் போட்டுச் சுடுதண்ணீரில் உருகவிட்டு, இடுக்கியால் பிடித்து மெல்ல முன்னால் காட்டவேண்டும். கிழமைக்கு ஒன்று போதும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. யோகராணி கைக்கு அடுப்புக் கையுறை போட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நீட்டினாள். பாம்பு நாக்கை நீட்டி மணந்தது. பிறகு, அவள் கத்தி முடிப்பதற்குள், விழுங்கத் தொடங்கிவிட்டது.

சாப்பிடுகிறது. அது போதும். அந்த வினாடியிலேயே அரைவாசிப் பயம் போய்விட்டது என்று பிறகு சொல்லுவாள். சாப்பிடுகிற எதையும் அவளால் வெறுக்க முடியாது.

மிச்சப் பயம் வேறு பக்கமாக வந்தது.

அபர்ணா ஒரு சின்னத் தராசும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். தயிர் டப்பாவுக்குள் பாம்பை விட்டு நிறுக்கவேண்டும். பன்னிரண்டு கிராம் காட்டியது. அடுத்த ஞாயிறும் பன்னிரண்டு. அதற்கடுத்த ஞாயிறு பதின்மூன்று காட்டி, பாம்பு அசைந்ததும் திரும்பப் பன்னிரண்டுக்கு இறங்கியது.

தராசு என்றால் யோகராணிக்கு ஒரு பழைய நடுக்கம் உண்டு. மகள் துவாரகா பிறந்தபோது மிகச் சின்னப் பிள்ளை. இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருசம் ஆகவில்லை, பாசை தெரியாது. கிழமைக்குக் கிழமை ஒரு தாதி வந்து பிள்ளையைத் தராசில் வைப்பாள். இலக்கத்தைப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள். அந்தச் சுழிப்பை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. இப்போது துவாரகா ஒட்டாவாவில் வேலை செய்கிறாள், தாயைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் கிராம் காட்டும் எந்தத் தராசின் முன்னாலும் யோகராணிக்கு உள்ளங்கை வேர்க்கும்.

போனில் தேடினாள். தேடியிருக்கக் கூடாது. அதே வயதுக் குட்டிகள் என்று யார் யாரோ படம் போட்டிருந்தார்கள். ஒன்று பெருவிரல் தடிப்பில் மொத்தமாக இருந்தது. ஒன்று ஒருவனின் மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கேசரியோ இன்னும் பென்சில்.

"பிள்ளை, இது வளர்ற மாதிரித் தெரியேல்லை," என்று அபர்ணாவிடம் சொன்னாள்.

"அது மெதுவாதான் வளரும் ஆன்ட்டி. பரவால்ல." அவள் குரலுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. "அப்பாவுக்கு நாளைக்கு பைபாஸ். நான் அப்புறம் பேசறேன்."

இதற்கு மேல் அந்தப் பிள்ளையைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று யோகராணி முடிவெடுத்தாள். தானே பார்த்துக்கொள்ளலாம். வளராத பிள்ளைக்கு என்ன செய்வது என்று தனக்குத் தெரியாதா?

ஸ்ரீல்ஸ் றோட்டுப் பக்கம், ஒரு பிளாசாவின் மூலையில் ஊர்வன விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரன் கஸ்பர், கையெல்லாம் பச்சை குத்தினவன், ஆனால் தன்மையாகப் பேசுவான். பாம்பு எவ்வளவு மொத்தம் என்று கேட்டான். யோகராணி தன் நடுவிரலைக் காட்டினாள். பொய் சொல்ல வேண்டும் என்று காட்டவில்லை. அவள் மனதில் பாம்பு அந்த அளவுக்கு வந்துவிடும் என்று இருந்தது, விரல் தானாக நீண்டுவிட்டது. அவன் அதற்கேற்றபடி, மயிர் அரும்பத் தொடங்கின எலிக்குஞ்சுகளை எடுத்துக் கொடுத்தான்.

கேசரி அதை விழுங்கப் பட்ட பாடு. தாடை கழன்றதுபோல் விரிந்து, நடுவில் நின்று, இளைத்து, திரும்பத் தொடங்கி. யோகராணி பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சந்தான்," என்று தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் வயிற்றில் ஒரு முடிச்சு எழும்பி நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. துவாரகாவுக்குப் படம் அனுப்பினாள். "அம்மா, are you okay?" என்று மகள் பதில் போட்டாள்.

இரண்டாம் நாள், வேலையால் வந்து பேஸ்மென்ற் கதவைத் திறந்தபோது நாற்றம் வந்தது. அழுகிய இறைச்சியும் புளிப்பும் கலந்த நாற்றம். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகில் எலிக்குஞ்சு கிடந்தது, அரைகுறையாகக் கரைந்து, உருத்தெரியாமல். கேசரி மறு மூலையில் தட்டையாகக் கிடந்தது.

யோகராணி அதைத் துடைத்தெடுத்தாள். கக்கின பிள்ளைக்கு வயிறு வெறுமையாக இருக்குமே என்ற ஒரு நினைப்பைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. அடுத்த நாளே பழைய சின்னக் குஞ்சு ஒன்றைக் கொடுத்தாள். பாம்பு அதை எடுத்தது. அவளுக்கு உயிர் வந்தது. மறுநாள் அதையும் கக்கியது.

இப்போது தராசு ஒன்பது காட்டியது. முதுகெலும்பு தோலுக்கு மேலால் ஒரு மடிப்புப்போலத் தெரிந்தது. வட்டமாக இருந்த உடம்பு கூரைபோலக் கூர்ந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அபர்ணா சந்தோசமாகப் போன் எடுத்தாள். தள்ளிப்போன சத்திரசிகிச்சை ஒருவழியாக முடிந்துவிட்டது. அப்பா கண் திறந்துவிட்டார்.

"கேசரி எப்படி ஆன்ட்டி? சாப்பிடுதா?"

"ஓம் ஓம், நல்லாச் சாப்பிடுது," என்றாள் யோகராணி. அவ்வளவு இலகுவாக அந்தப் பொய் வெளியே வந்தது.

மிருக வைத்தியர்களில் ஊர்வன பார்க்கிறவர்கள் குறைவு. மில்லிக்கன் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று கஸ்பர்தான் சொன்னான். யோகராணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாம்பைத் துணிப்பையில் விட்டு, பையைத் தன் குளிரங்கிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்த பெண், கைக்குழந்தையோ என்று எட்டிப் பார்த்தாள். யோகராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவு திறக்கும்போது வரும் குளிர் நெஞ்சைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்று குனிந்தே இருந்தாள்.

வைத்தியர் பேர்ணடெற் ஐம்பது வயது மதிக்கத்தக்க, அவசரம் இல்லாத பெண். பாம்பைக் கையில் ஓடவிட்டாள். வாயைத் திறந்து பார்த்தாள். என்ன கொடுத்தாய், எப்போது கொடுத்தாய் என்று கேட்டாள். யோகராணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். யாருக்காவது சொல்லவேண்டும் போலவும் இருந்தது.

"சாப்பாடு பெரிதாகிவிட்டது," என்றாள் பேர்ணடெற். "உடம்பின் மிக மொத்தமான இடம் எவ்வளவோ, அந்த அளவு சாப்பாடு போதும். கக்கும்போது வயிற்றில் இருக்கும் அமிலமும் போய்விடும். அது திரும்ப ஊற நாளெடுக்கும். உடனே கொடுத்ததால்தான் இரண்டாம் தரமும் கக்கியது."

"அப்ப இனி என்ன குடுக்கிறது?"

"ஒன்றும் இல்லை. இரண்டு கிழமைக்குத் தண்ணீர் மட்டும்."

யோகராணிக்குத் தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று சந்தேகம். "ஒன்பது கிராம்தான் இருக்கு. இன்னும் பட்டினி போட்டால்..."

"பாம்புக்கு இரண்டு கிழமை பட்டினி பெரிய விசயம் இல்லை. மூன்றாம் தரம் கக்கினால்தான் இந்தக் குட்டி தாங்குமோ தெரியாது. தொடாதே, நிறுக்காதே, கொடுக்காதே. உன்னால் முடியுமா?"

இத்தனை வருசத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. செய், இன்னும் செய், கெதியாகச் செய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

கதவடியில் பேர்ணடெற் இன்னொன்று கேட்டாள். "பெட்டியின் சூடு எவ்வளவு?"

"பெட்டிக்கு அடியில கரண்டில சூடாகிற ஹீற் பாய் இருக்கு. சூடாத்தான் இருக்கும்."

"எந்த நேரமும்?"

"சூடு இல்லாவிட்டால் எதுவும் செமிக்காது," என்றாள் பேர்ணடெற்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பேஸ்மென்றுக்குப் போனாள். அது நடுப்பகல். வேலை நாட்களில் அந்த நேரம் அவள் வீட்டில் இருந்ததே கிடையாது. பெட்டிக்கு அடியில் கையை விட்டாள். குளிர். பாய் செத்துக் கிடந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். படியடியில், பல பிளக்குகள் செருகும் பவர் பாரின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

மேலே இராஜரட்ணம் காலைச் சவாரி முடித்து வந்து சோபாவில் சரிந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, கீழ சுவிட்சை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான். ஏன்?"

"எப்ப தொடக்கம்?"

"ஒவ்வொரு நாளும் விடியப் போகேக்குள்ள. பின்னேரம் வந்து போட்டுவிடுறனான்." குற்றம் எதுவும் தெரியாத முகத்தோடு சொன்னார். "வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரம் வயர் சூடேறி நெருப்புப் பிடிச்சால்? போன வருசம் முன்வீட்டில நடந்தது மறந்து போச்சே?"

பின்னேரம் அவள் வந்து தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் பாய் சூடாகத்தான் இருந்தது. பகல் முழுக்க, மாசி மாதக் குளிர் ஏறும் அந்தச் சீமெந்துத் தரையில், பாம்பு உறைந்துபோய்க் கிடந்திருக்கிறது. சூடு இல்லாமல் எதுவும் செமிக்காது என்று பேர்ணடெற் சொல்லியிருந்தாள்.

யோகராணி கத்தவில்லை. படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

"நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதைச் சாக்கொல்லப் போறம்," என்றாள். "அந்தப் பிள்ளை நம்பி விட்டிட்டுப் போனது."

இராஜரட்ணம் சோபாவிலிருந்து எழும்பினார். பிறகு குளிரங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு பை. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றும், வெப்பமானி ஒன்றும், புகை வந்தால் அலறும் மணி ஒன்றும். மணியைப் பெட்டிக்கு நேர் மேலே முகட்டில் பூட்டினார். ஏணியில் நின்று பூட்டும்போது ஒருதரம்தான் கீழே பார்த்தார்.

"உதே? உவ்வளவுந்தானே?" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பொல்லாதவை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத நாட்கள். யோகராணி காலையில் இறங்கிப்போய்க் கண்ணாடிக்குள் பார்ப்பாள். பாம்பு பட்டைக்கு அடியில் இருந்தால், செத்துக் கிடக்கிறதோ என்று நெஞ்சு பதறும். வெளியே ஊர்ந்தால், பசியில் தேடுகிறதோ என்று பதறும். தராசை அலுமாரியின் மேல் தட்டில் வைத்து, அதற்கு மேல் துவாய்களை அடுக்கினாள். ஆனாலும் கண்ணாலேயே நிறுத்தாள். நேற்றைவிட இன்றைக்கு மெலிந்திருக்கிறதா, அந்த முதுகு மடிப்பு இன்னும் கூர்ந்திருக்கிறதா என்று.

வேலையிலும் மனம் நிற்கவில்லை. றிச்சர்ட் சூப்பைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். அவள் வழக்கம்போல் ஒரு கரண்டி என்று தொடங்கினாள். அவர் வாயை இறுக்கினார். தாடையின் கீழ் ஒரு நரம்பு அசைவதை அவள் பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "சரி, வேண்டாம்," என்று அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. தாதியிடம் போய் அப்படியே சொன்னாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், தான் செய்தது சரியோ பிழையோ என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை.

அந்தக் கிழமையில்தான் அபர்ணா வீடியோ கேட்டாள்.

"அப்பாவை வார்டுக்கு மாத்திட்டாங்க ஆன்ட்டி. கேசரியைக் காட்டினா அவர் சிரிப்பார். ஒரு சின்ன வீடியோ ப்ளீஸ்."

யோகராணியின் போனில் பழைய வீடியோ ஒன்று இருந்தது. கேசரி பட்டையின் மேல் ஏறி நாக்கை நீட்டும் வீடியோ, அபர்ணா போன புதிதில் எடுத்தது, உடம்பு உருண்டையாக இருக்கும்போது. அதை அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

போன் அடித்தது.

"ஆன்ட்டி, இது எப்ப எடுத்தது?"

"இப்பத்தான் பிள்ளை."

"ஜன்னல்ல எதிர் வீட்டு கிறிஸ்மஸ் லைட் தெரியுது."

யோகராணி தண்ணீரை நிறுத்தினாள்.

"செத்துப் போச்சா?"

"இல்லை, இல்லை, ஐயோ, இருக்குது பிள்ளை." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெரிய எலி, கக்கினது, அடுத்த நாளே கொடுத்தது, திரும்பக் கக்கினது, சுவிட்ச், வைத்தியர். சொல்லி முடித்தபோது அபர்ணா போனை வைத்துவிட்டிருந்தாள்.

அடுத்த நாளும் அழைப்பு இல்லை. அதற்கடுத்த நாள், இல்லத்தின் உடைமாற்றும் அறையில் யோகராணி சீருடையோடு நிற்கும்போது குரல் பதிவு வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, எனக்குக் கோபம்தான். பெரிய எலி குடுத்ததுக்கு இல்ல. அது யாருக்கும் நடக்கும், நான்தான் உங்களுக்கு சரியா சொல்லித் தரல. இங்க எல்லாரும் என்கிட்ட எதையாவது மறைக்கறாங்க. டாக்டர் அம்மாகிட்ட ஒண்ணு சொல்றார், அம்மா என்கிட்ட வேற சொல்றாங்க, நான் அப்பாகிட்ட வேற சொல்றேன். உங்ககிட்ட பேசும்போதுதான் நிஜம்னு ஒண்ணு கேக்கறேன்னு நெனச்சேன். இனிமே மோசமா இருந்தா மோசமா இருக்குன்னே சொல்லுங்க."

யோகராணி அதை இரண்டாம் தரம் கேட்கவில்லை. அங்கேயே, சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்து, பதில் பதிந்தாள். "நல்லா மெலிஞ்சு போச்சு பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு. வாற செவ்வாய் சாப்பாடு குடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவ. எடுக்குமோ எடுக்காதோ தெரியேல்லை. என்ன நடந்தாலும் சொல்லுறன்."

செவ்வாய் பின்னேரம். பேர்ணடெற் சொன்னபடி, இருந்ததிலேயே சின்னக் குஞ்சு, அதிலும் பாதி. இராஜரட்ணம் படியில் நின்று வெப்பமானியைப் படித்துச் சொன்னார். யோகராணி இடுக்கியை நீட்டினாள். கேசரி நாக்கை நீட்டியது, பின்வாங்கியது. வழக்கமென்றால் அவள் இன்னும் கிட்டக் கொண்டுபோய் மூக்கில் தட்டியிருப்பாள். இம்முறை சாப்பாட்டைப் பட்டைக்கு அருகில் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

"வாருங்கோ மேல," என்றாள் புருசனிடம்.

"பாக்காமலோ?"

"பாத்தா நான் கையை விட்டிடுவன்."

மேலே போய் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தார்கள். டிவியில் காலநிலை போனது. கோப்பை வெறுமையான பிறகும் அவள் அதை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் பார்த்தபோது சாப்பாடு இல்லை.

அது பாதி வெற்றிதான் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போனது தங்கவேண்டும். புதன்கிழமை வேலை முடிந்து வந்து பேஸ்மென்ற் கதவைத் திறக்குமுன் மூக்கை இடுக்கில் வைத்து மணந்து பார்த்தாள். மரத்தூள் மணம்தான் வந்தது. வியாழனும் அதுதான். வெள்ளிக்கிழமை மரத்தூளில் ஒரு சின்ன எச்சம் கிடந்தது. அதைப் படம் பிடித்துத் திருச்சிக்கு அனுப்பினாள். "செமிச்சிட்டுது," என்று எழுதினாள். அந்த ஆஸ்பத்திரி வார்டில் அபர்ணா அதைத் தகப்பனுக்குக் காட்டினாளாம். அவர் என்ன படம் என்று தெரியாமலே தலையாட்டினாராம்.

பங்குனி கடைசியில் கேசரி சட்டை உரித்தது. கண் முதலில் பால்போல வெளுத்தது. குருடாகிறதோ என்று யோகராணி பயந்து வைத்தியருக்குப் போன் எடுத்தாள். தோல் உரிக்கப்போகிறது, விட்டுவிடு என்றார்கள். ஒரு காலையில் மரப்பட்டையில் வெங்காயத் தோல்போல ஒரு நீளத் துண்டு சுற்றிக் கிடந்தது, எங்கும் கிழியாமல், மூக்கு நுனி முதல் வால் நுனி வரை. பக்கத்தில் கேசரி புதுச் செம்மஞ்சளில் மினுங்கியது.

பேர்ணடெற்றிடம் திரும்பக் கொண்டுபோனபோது வைத்தியரின் தராசு பதினாறு காட்டியது. முதுகு மடிப்பு மறைந்து உடம்பு வட்டமாக வந்திருந்தது.

"வயதுக்குச் சின்னதுதானே?" என்று யோகராணி கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சின்னதுதான். சிலது இரண்டு வருசத்தில் வளரும், சிலது நாலு வருசம் எடுக்கும். உடம்பு இறுக்கமாக இருக்கிறது, தோல் முழுசாகக் கழன்றிருக்கிறது, நாக்கு வேலை செய்கிறது. இது நல்ல குட்டி. அவசரப்படுத்தி மொத்தமாக்கினால்தான் நோய் வருத்தம் வரும்."

சித்திரை முடியும்போது அபர்ணா திரும்பி வந்தாள். தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார், வாசல் வரை நடக்கிறார். அவள் பாதி உடம்பாக இருந்தாள். வந்ததும் வராததுமாகக் கீழே போய் கேசரியைக் கையில் ஓடவிட்டாள். யோகராணி படியில் நின்று பார்த்தாள்.

"அழகா இருக்கு ஆன்ட்டி," என்றாள் அபர்ணா. கொஞ்ச நேரம் கழித்து, "இதோட கூடப் பொறந்தது ஒண்ணு என் ஃபிரெண்ட்கிட்ட இருக்கு, அது இதைவிட டபுள்," என்றாள். சொன்ன பிறகுதான் யோகராணியின் முகத்தைப் பார்த்தாள். "அதுக்காகச் சொல்லல ஆன்ட்டி!"

"உண்மையைச் சொல்லோணும் எண்டு நீர்தானே சொன்னனீர்," என்றாள் யோகராணி. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அந்த 'டபுள்' யோகராணிக்குள் போய் இருந்துகொண்டது.

கோடையில் அபர்ணாவுக்கு விமானநிலையத்துக்குக் கிட்ட வேலை கிடைத்தது. நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் ஒரு அறை பார்த்து, பெட்டியையும் கேசரியையும் எடுத்துக்கொண்டு போனாள். பேஸ்மென்ற் இரண்டு கிழமை வெறுமையாகக் கிடந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. கேசரி இந்த வாரம் சாப்பிடவில்லையாம். கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதாம்.

"தோல் உரிக்கப் போகுது பிள்ளை. விடும். பசிச்சாச் சாப்பிடும்," என்றாள் யோகராணி, மிக அமைதியாக. "நிறுக்காதையும். தொடாதையும். சூட்டை மட்டும் பாரும்."

போனை வைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வாய் எடுத்தாள், வைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "ரெக்ஸ்டேலுக்கு இந்த நேரம் போனால் றோட்டு பிஸியா இருக்குமோ?"

இராஜரட்ணம் ஏற்கெனவே கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.